பள்ளத்தூர்ப் புள்ள

எங்கள் அப்பத்தா வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களை ‘ஆச்சி’ என்று கூப்பிட்டவள். காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். செட்டியார் வீடுகளில் கல்யாணம், அறுபதாங்கல்யாணம் எது வந்தாலும் மாவாட்டவும் பலகாரம் சுடவும் அவளுக்கு ஆள் வந்துவிடும். விடியுமுன் போனால் விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தான் திரும்புவாள். முந்தானையில் இரண்டு சீயமோ ஒரு கந்தரப்பமோ முடிந்திருக்கும். அவிழ்த்து என் கையில் வைத்து, “ஆச்சி குடுத்தாக” என்பாள். எந்த வீட்டு ஆச்சி என்று நான் கேட்டதில்லை. பெரிய வீடுகளில் இருந்த எல்லாப் பெண்களும் அவளுக்கு ஆச்சிதான்.

அப்பத்தாவுக்கு இருந்த ஒரே ஆசை சினிமா. மாதத்துக்கு ஒரு படமாவது பார்த்துவிட வேண்டும். எங்கள் ஊர் எல்லையில் ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. ஒரே மெஷின் என்பதால் ரீல் மாற்ற மூன்று நான்கு இடைவேளை விடுவார்கள். பெண்கள் பக்கம் மணல் தரை. பின்னால் இருக்கிறவர்கள் திட்டத் திட்ட மணலைக் குவித்து மேடாக்கி என்னை அதன்மேல் உட்கார வைப்பாள். ‘தில்லானா மோகனாம்பாள்’ வெளியானது 1968-ல். எங்கள் கொட்டகைக்கு வந்து சேர இரண்டு வருஷம் ஆனது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

சிவாஜி தெரியும், பத்மினி தெரியும், நாகேஷ் வந்தாலே சிரிப்போம். படம் பாதி ஓடிய பிறகு ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா வந்தார். அப்பத்தா என் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, “பாரு, நம்ம பள்ளத்தூர்ப் புள்ள!” என்றாள். பக்கத்தில் இருந்த நான்கைந்து பெண்களும் அதையே சொன்னார்கள். பள்ளத்தூர் எங்களுக்கு நடந்துபோகிற தூரம். அந்த ஊர்க்காரி ஒருத்தி சிவாஜி கணேசனுக்கு முன்னால் நின்று வாயாடுகிறாள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

ரமாமணி நாடகக் கொட்டகைப் பெண். அந்த மாதிரிப் பெண்களை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். திருவிழாவுக்கு வருஷா வருஷம் ஸ்பெஷல் நாடகம் வைப்பார்கள். புதுக்கோட்டையிலிருந்தும் மதுரையிலிருந்தும் செட்டு வரும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம். ராத்திரி பத்து மணிக்கு வள்ளி திருமணம் தொடங்கினால் விடிய விடிய நடக்கும். காலையில் ஸ்திரீபார்ட் அம்மாள் அரைகுறையாகக் கலைந்த அரிதாரத்தோடு ஊருணிக்கு முகம் கழுவப் போவாள். ராத்திரியெல்லாம் வாய் பிளந்து பார்த்தவர்கள் காலையில் அவளைப் பற்றி ஏதாவது கேவலமாகச் சொல்லிச் சிரிப்பார்கள். அப்பத்தா மட்டும் அவளைத் திண்ணையில் உட்கார வைத்து ஒரு செம்பு நீராகாரம் கொடுப்பாள்.

திரையில் நான் பார்த்தது அந்தத் திண்ணைப் பெண்ணை. மேடையிலிருந்து இறங்கிய பிறகும் மேடை அவளை விடவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் கழுத்து ஒரு பக்கம் சாய்கிறது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லை இழுத்து, அதைக் காற்றில் தொங்கவிட்டு, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறாள். கூட்டம் கைதட்டுவதற்காக நடிகை காத்திருக்கும் அதே இடைவெளி. சிவாஜி நடித்த நாயனக்காரர் சிக்கல் சண்முகசுந்தரத்திடம் அவள் ஒரு கேள்வி கேட்பாள். இவ்வளவு இனிமையான சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்கிற அர்த்தத்தில். கொட்டகையே அதிரச் சிரித்தது. நான் அந்தப் படத்தை இதுவரை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பார்க்கப் பார்க்க எனக்குப் படுவது ஒன்றுதான்: அந்தக் கேள்வியை மனோரமா சிரிப்புக்காகக் கேட்கவில்லை. ரமாமணிக்கு அது உண்மையிலேயே தெரிய வேண்டும். ஒரு பெரிய வித்வானைக் கிட்டத்தில் பார்த்துவிட்ட பெண்ணுக்கு அந்தக் கணத்தில் தோன்றிய சந்தேகம் அது. முகத்தில் மரியாதை இருக்கிறது, கண் விரிந்திருக்கிறது. ரோஷக்கார நாயனக்காரரே சிரித்துவிடுகிறார்.

கேட்டவளை மட்டம் தட்டாமல் கேள்வியைச் சிரிப்பாக்குவது சின்ன வித்தை இல்லை. அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. அப்பத்தாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் வழியில் அவள் சொன்னாள்: “நான் ஊரெல்லாம் ஆச்சி ஆச்சின்னு கூப்புட்டுக் கெடக்கேன். வீட்டு வேல செஞ்சவ மக அது. அந்தப் புள்ளைய ஊரே ஆச்சிங்குது, பாத்தியா.”

மனோரமாவின் கதை எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் மனப்பாடம். 1937-ல் மன்னார்குடியில் பிறந்தவர், பெயர் கோபிசாந்தா. அப்பா கைவிட்ட பிறகு அம்மா கைக்குழந்தையோடு பள்ளத்தூருக்குப் பிழைக்க வந்தார். வீட்டு வேலை செய்தார், பலகாரம் விற்றார். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகவே மகளின் பள்ளிக்கூடம் நின்றது. மகளும் வீட்டு வேலைக்குப் போனார். குரல் மட்டும் கணீரென்று இருந்தது. 12 வயதில், ஊருக்கு வந்த நாடகத்தில் மேடை ஏறினார். மனோரமா என்ற பெயரும் நாடகக்காரர்கள் வைத்ததுதான். பிறகு எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றம், கலைஞர் எழுதிய ‘மணிமகுடம்’. 1958-ல் கண்ணதாசன் எடுத்த ‘மாலையிட்ட மங்கை’யில் நகைச்சுவை வேடம். கதாநாயகியாகவே நடிப்பேன் என்று நின்றால் மூன்று நான்கு வருஷத்தில் ஒதுக்கிவிடுவார்கள், சிரிக்க வைத்தால் நிலைத்து நிற்கலாம் என்று கண்ணதாசன் சொன்னதைப் பின்னாளில் அவரே பல பேட்டிகளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். 1963-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாகவும் நடித்துப் பார்த்துவிட்டார்.

1972-ல் அப்பாவுக்குச் சென்னையில் வேலை கிடைத்து நாங்கள் குடும்பத்தோடு வந்தோம். அப்பத்தாவும் வந்தாள். என்னை ஆறாம் வகுப்பில் சேர்த்தார்கள். சேர்ந்த இரண்டாவது நாள் வாத்தியாரம்மா எங்கே என்று யாரோ கேட்டதற்கு, “இப்பத்தான் வந்தாக, அந்தப் பக்கமாப் போனாக” என்றேன். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு ‘வந்தாக’ என்றே பெயர். ஆசிரியை ஒருவர் எழுந்து நிற்கச் சொல்லி, வந்தார்கள், போனார்கள் என்று பத்து முறை சொல்ல வைத்தார். சொன்னேன். அதற்குப் பிறகு பள்ளியில் வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டேன். அப்பத்தா தெருவில் யாரிடமாவது, “எங்க போறீக?” என்று கேட்டால் எனக்கு உடம்பு கூசும். “உள்ள வா அப்பத்தா” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அவள் ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

அந்த வருஷத்திலேயே ஒருநாள் மதிய இடைவேளை. பள்ளிக்கு எதிர்க் கடை ரேடியோவில் ‘அனுபவி ராஜா அனுபவி’ படப் பாட்டு வந்தது. 1967-ல் பாலசந்தர் எடுத்த படம். நாகேஷுக்கு இரட்டை வேடம், ஒருவன் தூத்துக்குடிக்காரன், அவனுக்கு ஜோடி மனோரமா. முத்துக் குளிக்க அழைக்கும் பாட்டு. டி.எம்.எஸ்ஸும் எல்.ஆர். ஈஸ்வரியும் பாடியது. பாட்டில் வருவதெல்லாம் ‘வாரீக’தான். என்னை ‘வந்தாக’ என்று கூப்பிட்ட அதே பெண்கள் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, ஒருத்தி நாகேஷ் மாதிரி உடம்பை வளைக்க, இன்னொருத்தி மனோரமா மாதிரி இடுப்பில் கை வைக்க, உச்சஸ்தாயியில் சேர்ந்து பாடினார்கள். அந்த ‘ஈக’வை அவர்களுக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. ‘வாரீங்க’வுக்கும் ‘வாரீக’வுக்கும் நடுவில் நாக்கு தட்டுப்பட்டது. நான் எதுவும் யோசிக்காமல் கிட்டே போய், “அப்படியில்ல, வா-ரீ-க” என்று சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். “நீ மனோரமா ஊரா?” என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றேன்.

அன்று சாயங்காலம் அப்பத்தா தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். நான் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு அம்மாள் இட்லி சுட்டு விற்பாள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் வடசென்னை. அவளுக்கும் அப்பத்தாவுக்கும் முதலில் பேச்சே புரியாது. பிறகு நல்ல சிநேகம். ஒருநாள் மனோரமா பேச்சு வந்தது. “அது எங்க ஊட்டுப் பொண்ணு மாதிரி, அப்டியே எங்க ஏரியா பேச்சு” என்றாள் இட்லிக்கார அம்மாள். ‘பொம்மலாட்டம்’ படத்தில் சோவோடு நடித்ததை வைத்துச் சொன்னாள். அந்தப் படத்தில் சென்னை பாஷையிலேயே பேசி, சென்னை பாஷையிலேயே ஒரு பாட்டும் சொந்தக் குரலில் பாடியிருப்பார். அப்பத்தா விடவில்லை. “பள்ளத்தூரு. எனக்கு நாலு கல்லு தூரம். அதெப்படி உங்க ஏரியாங்குறீக?” என்று சண்டைக்கே போய்விட்டாள். இட்லிக்கார அம்மாள் அந்தப் பாட்டை ஒரு வரி பாடிக் காட்டி, “மெட்ராஸ்ல பொறக்காதவ இத்த இப்டிப் பாட முடியுமா, நீயே சொல்லு” என்று என்னைக் கேட்டாள். நான் யார் பக்கமும் பேசவில்லை. கோவைப் பக்கத்துக்காரர்களும் நெல்லைக்காரர்களும் இதே உரிமையோடு பேசுவதைப் பிற்காலத்தில் கேட்டிருக்கிறேன்.

பல ஊர்ப் பேச்சும் பேசிய அவர் திறமையை மிமிக்ரி என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். வட்டார வழக்கை மேலோட்டமாகப் பிடிக்க இரண்டு மூன்று சொல் போதும். ‘ஏனுங்’ என்றால் கோவை, ‘ஏலே’ என்றால் நெல்லை என்று முடித்துவிடுகிறார்கள். மனோரமா பிடித்தது சொல்லை அல்ல, மூச்சை. எந்த ஊர்க்காரி வாக்கியத்தின் எந்த இடத்தில் மூச்சு வாங்குவாள், கோபம் வந்தால் குரல் மேலே போகுமா கீழே இறங்குமா, கேள்வி கேட்கும்போது தலை எந்தப் பக்கம் ஆடும் என்பதெல்லாம் அவரிடம் கணக்காக இருந்தது. நாலு வீட்டில் வேலை செய்யும் பெண் வாய் திறக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். அவருடைய காது அங்கே தயாரானது என்றுதான் நான் நினைக்கிறேன்.

1986-ல் ‘சம்சாரம் அது மின்சாரம்’ வந்தது. எனக்குக் கல்யாணமாகிப் புகுந்த வீட்டில் இருந்த சமயம். அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போனேன். விசு எழுதி இயக்கிய படம், ஏவி.எம். தயாரிப்பு. ஒரு நடுத்தர வர்க்கக் குடும்பத்தின் கதை, அந்த வீட்டு வேலைக்காரி கண்ணம்மா. குடும்பத்து ஆண்கள் பேசிப் பேசித் தீர்க்க முடியாத ஒரு விவகாரத்தில் கண்ணம்மா இறங்குகிறாள். இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு, எதிராளியை வாயடைக்க வைக்கிறாள். அவள் சொல்லும் இரண்டு சொல் அதற்குப் பிறகு தமிழ்நாட்டு வீடுகளில் பழமொழி மாதிரியே புழங்கியது. தியேட்டரே கைதட்டியது. நான் திரும்பிப் பார்த்தேன். அப்பத்தா சிரிக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, முன்னால் சாய்ந்து, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், “நடுக்கூடத்துல நின்னு பேசுறா பாரு” என்றாள். ஐம்பது வருஷம் செட்டியார் வீடுகளில் வேலை பார்த்தவள், பின்கட்டைத் தாண்டி அவள் வந்ததில்லை.

நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று ஜோடிகள் மாறிக்கொண்டே வந்தார்கள், மனோரமா மாறாமல் நின்றார். அண்ணா, கலைஞர் ஆகியோரோடு மேடையில், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, ஆந்திரத்தின் என்.டி.ஆர். ஆகியோரோடு திரையில் என ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்பார்கள். 1974-ல் இந்தி ‘குன்வாரா பாப்’ படத்தில் மெஹ்மூதுடன் நடித்தார். ஆயிரம் படங்களைத் தாண்டியதற்குக் கின்னஸ் புத்தகத்தில் பெயர் வந்தது. ‘புதிய பாதை’க்காக 1989-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது, 2002-ல் பத்மஸ்ரீ. ரமாமணிக்கு வந்திருக்க வேண்டிய விருது இருபது வருஷம் தாமதமாக வந்தது என்பது என் தீராத ஆதங்கம்.

1988-ல் ‘பாட்டி சொல்லைத் தட்டாதே’. ஐம்பதைத் தாண்டிய நடிகை, படத்தின் பெயரே அவர் வேடம். பாண்டியராஜனும் ஊர்வசியும் இருந்தார்கள், ஒரு அதிசயக் காரும் இருந்தது, ஆனால் கூட்டம் வந்தது பாட்டிக்கு. அப்பத்தா கடைசியாகத் தியேட்டரில் பார்த்த படம் அதுதான். பிறகு அவளுக்குக் கண் மங்கிவிட்டது. தொலைக்காட்சியில் படம் போட்டால் பெட்டிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்து, காதால் மட்டும் கேட்பாள். 1990-ல் வந்த ‘நடிக’னை அவளுக்கு நான்தான் கதை சொல்லிக்கொண்டே காட்டினேன். கல்யாணம் ஆகாமலேயே வயது கடந்த பேபியம்மா, கிழவர் வேஷத்தில் இருக்கும் சத்யராஜைப் பார்த்து வெட்கப்படுகிறாள். எல்லோரும் அதை வெறும் காமெடியாகப் பார்த்தார்கள். அந்த வெட்கத்தை உற்றுப் பாருங்கள். பதினெட்டு வயதில் வந்திருக்க வேண்டிய வெட்கம், வழி தெரியாமல் அலைந்து ஐம்பதில் வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். “குரலு நடுங்குது அந்தப் புள்ளைக்கு” என்றாள் பார்வை தெரியாத அப்பத்தா.

அடுத்த வருஷம் அப்பத்தா போய்விட்டாள். அதனால் ‘சின்ன கவுண்டர்’ அம்மாவை அவளுக்குக் காட்ட முடியவில்லை. முன்னால் துருத்திய பல் வரிசை ஒன்றை வைத்துக்கொண்டு நடித்திருப்பார். பல் வைத்தவுடன் பேச்சு மாறும், அது யாருக்கும் மாறும். அவர் செய்தது அதற்கு அடுத்தது. பேசி முடித்ததும் மேலுதடு அந்தப் பல்லை மூடப் பார்க்கும், முடியாது, ஒரு நொடி நின்றுவிட்டு விட்டுவிடும். எடுப்பான பல்லோடு வாழ்நாள் முழுக்க இருந்த பெண்ணுக்கு மட்டுமே வரும் பழக்கம் அது. அந்தப் படத்தில் அதை யாரும் கவனிக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் செய்திருக்கிறார்.

தொண்ணூறுகளின் படங்களில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ‘சின்னத் தம்பி’யில் விதவைத் தாயை அவமானப்படுத்தும் காட்சியில் அவர் நடிப்பு எடுபட்டதற்குப் பிறகு, அம்மா என்றால் மனோரமா, மனோரமா என்றால் அழுகை என்று ஆக்கிவிட்டார்கள். ஒரே அழுகையைப் பல படங்களில் வாங்கினார்கள். அவர் ஒவ்வொரு முறையும் மனசறிந்துதான் அழுதார். ஆனாலும் அந்தக் குரலுக்குத் தெரிந்த ஆயிரம் வேலைகளில் அது ஒன்றுதான். ‘மே மாதம்’ படத்தில் ரஹ்மான் இசையில் சென்னையைச் சுற்றிக் காட்டும் பாட்டில் அவர் மறுபடி பழைய துள்ளலோடு பாடியபோது, தெருமுனை இட்லிக்கார அம்மாளைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவள் எப்போதோ அந்தத் தெருவை விட்டுப் போய்விட்டிருந்தாள்.

2015 அக்டோபர் 10, சனிக்கிழமை இரவு மனோரமா மறைந்த செய்தி வந்தது. மறுநாள் காலை தியாகராய நகருக்குப் போனேன். தெரு நெடுகக் கூட்டம். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே நகர்ந்தார்கள், திருநெல்வேலிப் பேச்சு. பின்னால் பூக்கூடையோடு ஒரு அம்மாள், சுத்தமான சென்னைப் பேச்சு. கண்ணாடிப் பெட்டிக்கு அருகில் நிற்க அரை நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை, போலீஸ்காரர்கள் நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். “ஆச்சி” என்று நான் சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன். அந்தச் சொல்லை வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரை அழைக்க நான் பயன்படுத்தியது அன்றுதான்.

வீட்டுக்கு வந்தபோது சேனலில் ‘தில்லானா மோகனாம்பாள்’ போட்டிருந்தார்கள். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பத்தாவைப் பார்த்ததில்லை. எங்களிடம் ஒரே ஒரு கருப்பு வெள்ளைப் படம் இருக்கிறது, குரல் எதிலும் பதிவாகவில்லை. ரமாமணி கடைசிச் சொல்லை இழுத்து நிறுத்திவிட்டு எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தாள்.

“உங்க அப்பத்தா இப்படித்தான் பேசுவாங்களாம்மா?” என்றாள் மகள்.

“இவ்வளவு இழுக்க மாட்டாக” என்றேன்.